தண்ணீருக்கே 1.30 காட்டும் சிப்: பிழை எங்கே?

பிப்ரவரி 4, காலை 9.10 (கேள்வி)

என்னிடம் இருப்பது 20 மைக்ரோலிட்டர் புரதக் கரைசல். அதன் பாகுநிலையை, அதாவது ஓடுவதற்கு அது எவ்வளவு தடை காட்டுகிறது என்பதை, அளக்க வேண்டும். கூம்பும் தட்டும் கொண்ட வழக்கமான கருவிக்கு இது போதாது. அதனால் கண்ணாடித் தகட்டின் மேல் பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பரை ஒட்டி ஒரு நுண்பாய்மச் சிப் செய்தேன். வாய்க்காலின் அகலம் 200 மைக்ரோமீட்டர், ஆழம் 50, நீளம் 3 சென்டிமீட்டர். சிரிஞ்ச் பம்ப் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் தள்ளுகிறது. பம்பை ஒட்டி அழுத்த உணரி. ஒத்திகையாகத் தண்ணீரை ஓட்டினேன். 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல் விநாடி வர வேண்டும்; 1.30 வருகிறது. மூன்று நாளாக அதே 1.30. எண் அசையவே இல்லை, ஆகவே உணரியில் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். குறுகிய இடத்தில் தண்ணீரின் பாகுநிலையே கூடிவிடுகிறதா?

பிப்ரவரி 4, இரவு 10.35 (பதில்)

கூடாது. 50 மைக்ரோமீட்டர் ஆழத்தை நிரப்ப ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்ணீர் மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உங்களுக்குக் குறுகலாகத் தெரிவது அவற்றுக்குக் கடல். அங்கே தண்ணீர் தண்ணீர்தான்.

அழுத்தத்திலிருந்து பாகுநிலையைக் காண நீங்கள் பயன்படுத்திய சூத்திரத்தில் ஆழம் மும்மடியாக வருகிறது. அழுத்த வேறுபாடு வர, 12, பாகுநிலை, நீளம், ஓட்ட வீதம் ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். அதை அகலத்தாலும் ஆழத்தின் மும்மடியாலும் வகுக்க வேண்டும். பக்கச் சுவர்களுக்காக ஒரு சிறு திருத்தக் காரணியும் உண்டு. அகலத்தில் 5 சதவீதம் தவறினால் விடையிலும் ஏறக்குறைய அவ்வளவே தவறும். ஆழத்தில் 5 சதவீதம் தவறினால் 15 போய்விடும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன்: ஆழம் 50 அல்ல, 44-க்குச் சற்றுக் கீழே என்று வைத்தால் 1.30 அப்படியே 0.89 ஆகிவிடுகிறது. ரப்பரை வார்க்கும் அச்சைச் செய்யும்போது 50 என்று குறிவைத்திருப்பீர்கள். வந்தது என்ன என்று பார்த்திருக்கமாட்டீர்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறீர்கள். ஒரு சிப்பைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். இதற்கு மேல் தேட ஒன்றுமில்லை.

பிப்ரவரி 5, காலை 7.20

மும்மடி அல்ல, நான்மடி என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது உருளைக் குழாய்க்கு, ஆரத்தின் நான்மடி. தட்டையான வாய்க்காலில் அகலமும் ஆழமும் தனித்தனி. ஆழத்துக்கு மூன்று போதும். இரண்டும் ஒரே கதைதான்.

நான்மடி விதியைக் கண்டவர்கள் இருவர். 1839-இல் ஹாகன், அடுத்த ஆண்டுகளில் பாய்சொய். இரண்டாமவர் மருத்துவர். மெல்லிய நாளங்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதே அவருடைய கேள்வி, ஆனால் விதி பிறந்தது கண்ணாடி நுண்குழாயில் ஓடிய தண்ணீரில். 'பாய்ஸ்' என்ற பழைய அலகில் அவர் பெயர் இருக்கிறது. ஒரு சென்டிபாய்ஸ் என்பது ஒரு மில்லிபாஸ்கல் விநாடி. பழைய அட்டவணைகளைப் பார்க்கும்போது பயப்பட வேண்டாம்.

பிப்ரவரி 7, மாலை 6.50

வெட்டிப் பார்த்துவிட்டு 47 என்று எழுதியிருக்கிறீர்கள். என் 44 தவறு.

'இதற்கு மேல் தேட ஒன்றுமில்லை' என்று நான் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், அப்படியே கிடக்கட்டும். பொருந்துகிற ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு எண் தெரியாத இடத்தில், அதை மாற்றி மாற்றி எந்த விடையையும் வரவழைக்கலாம்.

47 என்று வைத்தால் 1.30 இறங்கி 1.10-க்கு அருகே வருகிறது. இன்னும் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருக்கிறது. அது வாய்க்காலில் இல்லை. அப்படியானால் எங்கே? உணரி பம்பை ஒட்டி இருக்கிறது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் கவனிக்கவில்லை. அந்த உணரி அளப்பது வாய்க்காலின் அழுத்த வேறுபாட்டை மட்டும் அல்ல. பம்பிலிருந்து கடைசித் துளி விழும் இடம் வரைக்குமான மொத்தத்தையும் சேர்த்து. இணைப்புக் குழாயின் உள்விட்டம் என்ன, இரு பக்கமும் சேர்த்து எவ்வளவு நீளம்?

பிப்ரவரி 7, இரவு 11.15

0.25 மில்லிமீட்டர், உள்ளே போக 30 சென்டிமீட்டர், வெளியே வர 15 என்கிறீர்கள். பென்சிலால் போட்ட கணக்கு இது:

வாய்க்கால் (47 ஆழம், 0.89 பாகுநிலை): சுமார் 3,020 பாஸ்கல்.
குழாய் 45 சென்டிமீட்டர்: சுமார் 700 பாஸ்கல்.
கூட்டினால் 3,720. இதை 50 ஆழச் சூத்திரத்தில் போட்டால் 1.30.

பிடிபட்டது. குற்றவாளிகள் இருவர், ஒருவர் அல்ல. எண் மூன்று நாளாக அசையவில்லை என்பதால் கருவி சரி என்று எடுத்துக்கொண்டீர்கள். குழாய் நீளம் மூன்று நாளில் மாறாது, ஆழமும் மாறாது. மாறாத பிழை மாறாமல்தான் வரும்.

பிப்ரவரி 8, அதிகாலை 5.40

தூக்கம் வராமல் இன்னொரு கணக்குப் போட்டேன். உங்கள் வாய்க்காலின் கொள்ளளவு 0.3 மைக்ரோலிட்டர். குழாயின் கொள்ளளவு 22. உங்களிடம் இருக்கும் புரதக் கரைசல் 20.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலி அதைவிட மோசம்: கரைசல் முழுவதையும் குழாயே குடித்துவிடும், போகும் குழாயை நிரப்பவே 15 வேண்டும். சில மைக்ரோலிட்டரில் பாகுநிலை அளந்ததாகச் சொல்லும் கட்டுரைகளை நான் நம்புகிறேன், ஆனால் சிப்பின் படத்தை மட்டும் பார்த்து அல்ல. குழாயைப் பார்த்த பிறகு நம்புகிறேன்.

பிப்ரவரி 8, இரவு 9.30

வடிவத்தையே மறந்துவிடலாமே, தண்ணீரை ஓட்டி ஓர் அழுத்தம், மாதிரியை ஓட்டி ஓர் அழுத்தம், இரண்டின் விகிதமே பாகுநிலைகளின் விகிதம் என்று ஒருவர் கேட்கிறார். சரியான யோசனை, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆழம் 47-ஆ 44-ஆ என்ற வழக்கே எழாது.

ஆனால் விகிதம் சரியாக வர, தண்ணீர் ஓடியபோது எங்கெல்லாம் தண்ணீர் இருந்ததோ அங்கெல்லாம் இப்போது மாதிரி இருக்க வேண்டும். குழாயில் தண்ணீரும் வாய்க்காலில் மாதிரியுமாக இருந்தால் குழாயின் 700 பாஸ்கல் 700-ஆகவே நிற்கும். நான்கு மடங்கு பாகுநிலை கொண்ட மாதிரிக்கு விகிதம் 3.4 என்று வரும். அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

குழாயின் பங்கையே ஒழித்துவிடுவது எளிது. உள்விட்டம் இருமடங்கானால் தடை பதினாறில் ஒரு பங்கு. 0.5 மில்லிமீட்டர் குழாயில் 4 சென்டிமீட்டர் மட்டும் வையுங்கள்: 4 பாஸ்கல்தான் வரும், மறந்துவிடலாம். கொள்ளளவு 8 மைக்ரோலிட்டர். வெளியேறும் குழாயே வேண்டாம், சிப்பின் மேலேயே ஒரு சிறு குழி போதும். மாதிரியைக் குழாயின் நுனியிலிருந்து உறிஞ்சுங்கள்; அதற்குப் பின்னால், அதனோடு கலக்காத எண்ணெய் நின்று தள்ளட்டும்.

பிப்ரவரி 9, பகல் 1.05

மேலே உள்ளதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஓட்டத்தை நிறுத்தி, உணரி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் நீர்மட்ட வேறுபாடு 98 பாஸ்கல். உங்கள் 3,000-இல் அது 3 சதவீதம். சிரிஞ்ச் உயரத்தை மாற்றினால், ஓட்டம் இல்லாதபோது உணரி காட்டும் இந்தச் சுழியமும் மாறும்.

பிப்ரவரி 9, இரவு 10.50

குமிழி. இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதியே தீர்வேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு நாள் முழுதும் போயிருக்கிறது.

80 சதவீதக் கிளிசரால் கரைசலை ஓட்டிக்கொண்டிருந்தேன். அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன், நின்றுவிட்டது போலத் தோன்றியது, குறித்துக்கொண்டேன். எழுந்து போய்த் திரும்பி வந்தால் இன்னும் ஏறியிருந்தது. மீண்டும் குறித்தேன். மதியத்துக்குள் ஒரே கரைசலுக்கு நான்கு பாகுநிலைகள் கையில் இருந்தன, நான்கும் நேர்த்தியான எழுத்தில். கடைசியில் சிரிஞ்சை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உந்துதண்டின் கறுப்பு ரப்பரை ஒட்டி, பிறை வடிவத்தில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது. பம்பில் மாட்டியிருந்தபோது பிடிப்பான் அதை மறைத்திருந்தது.

குமிழி ஒரு சுருள்வில். பம்ப் தள்ளுவதில் ஒரு பகுதி அதைச் சுருக்கவே செலவாகும், மீதிதான் வாய்க்காலுக்குப் போகும். உங்கள் முதல் அமைப்பில் 100 மைக்ரோலிட்டர் குமிழி இருந்தால், தண்ணீருக்கு அழுத்தம் நிலைபெறுவதில் ஒரு படி (மீதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீரும் நேரம்) 22 விநாடி. கவனிக்கவே மாட்டீர்கள். 80 சதவீதக் கிளிசராலுக்கு அதே குமிழி 19 நிமிடம் கேட்கும், அதுவும் ஒரு படிக்கு. 95 சதவீதத்தை எட்ட மூன்று படி வேண்டும், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். தண்ணீரில் சோதித்துவிட்டேன், கருவி சரியாக இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பிப்ரவரி 11, மாலை 5.25

இரத்தத்தை ஓட்டினால் குறைவாகக் காட்டுகிறது, சிப் கோளாறா என்று இடையில் புகுந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே கோளாறு இல்லை. சுமார் 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே, குழாய் குறுகக் குறுக இரத்தத்தின் தோற்றப் பாகுநிலை இறங்கும். ஃபோரியஸும் லிண்ட்குவிஸ்ட்டும் 1931-இல் வெளியிட்டது. சிவப்பணுக்கள் நடுவே ஒதுங்க, சுவரை ஒட்டி அணுக்கள் இல்லாத மெல்லிய படலம் வழவழப்புக் கொடுக்கிறது. ஆகவே உங்கள் எண் இரத்தத்தின் எண் அல்ல, அந்த வாய்க்காலில் ஓடும் இரத்தத்தின் எண். இழை தொடங்கியவரின் புரதம் இதில் வராது, அவருடைய மூலக்கூறுகளுக்கு 47 மைக்ரோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல.

பொறுமை இல்லை என்று புலம்பியவருக்கு: குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் நிலக்கீலை உருக்கிப் புனலில் ஊற்றினார். 1930-இல் புனலின் தண்டை வெட்டிவிட்டார்கள். அதிலிருந்து ஒன்பதாவது துளி விழுந்தது 2014-இல். உங்கள் 19 நிமிடத்தை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

பிப்ரவரி 12, இரவு 9.00

உணரியே வேண்டாம் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஒய் வடிவச் சந்திப்பில் ஒரு பக்கம் சாயமிட்ட தண்ணீர், மறு பக்கம் மாதிரி, இரண்டும் ஒரே ஓட்ட வீதத்தில். உங்கள் வாய்க்காலில் ரெனால்டு எண் (ஓட்டத்தின் உந்தம் பாகுநிலையை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதன் அளவு) ஒன்றை ஒட்டித்தான் இருக்கிறது, சுழிப்பு கிடையாது. இரண்டும் கலக்காமல் அருகருகே ஓடும். பாகுநிலை அதிகமுள்ளது அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அகலங்களின் விகிதமே பாகுநிலைகளின் விகிதம். ஒரு படம் எடுத்து அளவுகோல் வைத்தால் போதும். ஆழம், அழுத்தம், சுழியம் எதுவும் வேண்டாம். எவ்வளவு அழகு!

பிப்ரவரி 13, காலை 8.15

அழகில் மயங்கி எழுதிவிட்டேன். இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, அந்த எளிய விகிதம் ஒவ்வொரு ஓட்டமும் ஆழத்தைவிட நன்கு அகலமாக இருந்தால்தான் பொருந்தும். மாதிரி நான்கு மடங்கு என்றால் 200-இல் தண்ணீருக்கு 40 மைக்ரோமீட்டர்தான் மிஞ்சும், உங்கள் ஆழம் 47. பக்கச் சுவர் இழுக்கும், விகிதம் பிசகும். தண்ணீரின் ஓட்டத்தை நான்கு மடங்காக்கி எல்லைக்கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் தீரும். அப்போது ஓட்ட வீதங்களின் விகிதத்தைப் படித்தால் போதும்.

இரண்டு, கலக்காது என்றேன். சுழன்று கலக்காது, ஆனால் ஊடுபரவும். வாய்க்காலைக் கடக்க ஏறக்குறைய 2 விநாடி. அதற்குள் சிறிய சாய மூலக்கூறு 60 மைக்ரோமீட்டர் அளவுக்குப் பரவிவிடும். கோடு கோடாக இராது, புகையாக இருக்கும். சந்திப்பைத் தாண்டிய உடனே படம் எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 15, இரவு 11.40

ஓட்டத்தைக் கூட்டினால் என் பாலிமர் கரைசலின் பாகுநிலை குறைகிறது, சறுக்கு வீதம் (திரவப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) கூடக் கூட இளகும் திரவம் என்று முடிவு கட்டலாமா என்று ஒரு புதியவர் கேட்கிறார். வரைபடத்தையும் போட்டிருக்கிறார். அழகான வளைவு.

எனக்கும் அப்படி ஒரு வளைவு இருந்தது. இரண்டு வாரம் அதற்கு விளக்கம் எழுதினேன். பாலிமரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் நீள்கின்றன, சிக்கல் அவிழ்கிறது என்றெல்லாம் மூன்று பக்கம். குழுக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கிளிசராலை ஓட்டிப் பார்த்தாயா?" அன்று மாலை ஓட்டினேன். எந்த வேகத்திலும் மாறாத பாகுநிலை கொண்ட அந்தக் கிளிசரால் கரைசலும் என் வாய்க்காலில் அதே வளைவைப் போட்டது.

இளகியது திரவம் அல்ல, சுவர். பிடிஎம்எஸ் ரப்பர், அதன் விறைப்பைச் சொல்லும் மீள்தன்மைக் குணகம் இரண்டு மெகாபாஸ்கலை ஒட்டித்தான். 3 கிலோபாஸ்கலில் அது அசையாது, நூறைத் தாண்டினால் கூரை சில மைக்ரோமீட்டர் உப்பும். ஆழம் மும்மடியில் இருக்கிறது என்பதை மறுபடி சொல்ல வேண்டுமா? மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். பிறகு கண்ணாடியிலேயே வாய்க்கால் குடைந்த சிப்புக்கு மாறினேன். அதில் என் பாலிமர் உண்மையிலேயே இளகியது, முன்பு எழுதியதில் பாதி அளவுக்கு.

பிப்ரவரி 19, மாலை 7.30

புதிய குழாயில் தண்ணீர் 0.90, புரதக் கரைசல் 3.7, விகிதம் 4.1 என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பே கூம்புக் கருவியில் போதிய கரைசல் கிடைத்து அளந்தவர்கள் மெதுவான வேகத்தில் இதைவிட அதிகம் கண்டார்களே என்று கவலைப்படாதீர்கள். அங்கே கரைசலின் ஓரம் காற்றில் திறந்திருக்கும், புரதம் அந்த மேற்பரப்பில் படிந்து தோல் போல ஆகி, அந்தத் தோலின் விறைப்பும் எண்ணில் சேரும். மூடிய வாய்க்காலில் அந்தத் தோல் கிடையாது.

எனக்கு உறுத்துவது உங்கள் கடைசி வரி: மாதிரிக்குப் பிறகு கழுவிவிட்டு மீண்டும் தண்ணீர் ஓட்டியபோது 0.96. புரதம் சுவரில் ஒட்டி வாய்க்காலைக் குறுக்கியிருக்கும்.

பிப்ரவரி 19, இரவு 10.10

இல்லை. மறுபடியும் முதலில் பொருந்தியதைப் பிடித்துக்கொண்டேன். 0.90 போய் 0.96 ஆக வேண்டுமானால் ஆழம் ஒரு மைக்ரோமீட்டர் குறைய வேண்டும். ஒட்டும் புரதப் படலம் சில நானோமீட்டர்தான். கணக்கு நூறு மடங்கு உதைக்கிறது.

முதல் தண்ணீரை எப்போது ஓட்டினீர்கள்? கடைசித் தண்ணீரை எப்போது?

பிப்ரவரி 20, காலை 6.30

காலை பதினொன்று, இரவு எட்டரை என்கிறீர்கள். நினைத்தேன். 25 டிகிரித் தண்ணீர் 0.89, 22 டிகிரித் தண்ணீர் 0.95. உங்கள் சிப் அறையின் குளிரைச் சரியாக அளந்திருக்கிறது.

அப்படியானால் 4.1 நிற்காது. தண்ணீர் பகலில், புரதம் இரவில். 3.7-ஐ இரவுத் தண்ணீரின் 0.96-ஆல் வகுத்தால் 3.85. அதுவும் புரதம் ஓடியபோது சிப் 22-இல் இருந்திருந்தால்தான். நுண்ணோக்கி விளக்கு எரிந்துகொண்டிருந்ததா? என் விளக்கு அரை மணி நேரத்தில் சிப்பை இரண்டு டிகிரி சூடாக்கும். கெட்டியான கரைசல்கள் தண்ணீரைவிட இதில் அதிகம் ஆடும்: 80 சதவீதக் கிளிசரால் 20 டிகிரியில் 60, 25-இல் 46.

இன்னும் எவ்வளவு கரைசல் மிச்சம்? 9 மைக்ரோலிட்டர் இருந்தால் ஒரு முறை ஓட்டலாம். குழாயை நிரப்பி ஒன்று மிஞ்சும், நிமிடத்துக்கு 2 என்று மெதுவாகத் தள்ளுங்கள். உங்கள் உணரி 100 கிலோபாஸ்கல் வரை அளப்பதாக இருந்தால் அந்த வேகத்தில் தண்ணீரின் 600 பாஸ்கலை நம்ப முடியாது, சிறிய உணரியைக் கடன் வாங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, வெப்பமானியை மேசையில் வைக்காமல் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தண்ணீர், புரதம், தண்ணீர் என்று ஒரே அமர்வில். இரண்டு தண்ணீரும் ஒத்துப்போனால் மட்டும் எண்ணை இங்கே எழுதுங்கள்.